ஒன்பதாவது பாட்டு

ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைக்க ஆசைப்படுகிறவன் ஸ்ரீரங்கத்தில் இடம் பிடிக்கக் கூடாது, மேடம். விடிவதற்கு முன்பே கோயிலில் மேளம் தொடங்கிவிடும். அது ஓய்ந்தால் கொள்ளிடம் பாலத்தில் ரயில் ஊதும். அதுவும் ஓய்ந்தால் ராஜகோபுரத்துப் பக்கம் டூரிஸ்ட் பஸ்காரர்கள் ஹாரனில் கையை வைத்தபடியே நிற்பார்கள். இதெல்லாம் தெரிந்தும் அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு மாடியை எடுத்தேன் என்றால், புத்தூரில் கேட்ட வாடகை எனக்குக் கட்டுப்படியாகவில்லை, அவ்வளவுதான்.

சுவரெல்லாம் பஞ்சுப் பலகை அடித்தேன். ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டு அடைத்தேன். அப்படியும் ஏதாவது ஒரு முனகல் உள்ளே வந்துகொண்டுதான் இருக்கும். அதனால் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பாட்டானாலும் ஆரம்பிப்பதற்கு முன்னால், ஆள் இல்லாத மாதிரி அறையை வைத்து, வெறும் மௌனத்தை ஒரு நிமிஷம் பதிவு செய்வேன். அந்த மௌனத்தைக் கம்ப்யூட்டருக்குக் காட்டினால், அறையின் முனகல் இன்னதென்று அது புரிந்துகொண்டு, பாட்டிலிருந்து அதை மட்டும் எடுத்துவிடும். ஆகவே என் ஸ்டுடியோவுக்குள் வருகிற எல்லோரும் என் வாயிலிருந்து முதலில் கேட்பது, "ஒரு நிமிஷம் பேசாம இருங்க" என்பதுதான். பஜனை மாமிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். கோயர் பிள்ளைகளுக்குச் சரியாக அப்போதுதான் இருமல் வரும்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. நீங்கள் என்னிடம் கேட்கப்போவது அந்த மாதிரி ஒரு நிமிஷத்தைப் பற்றித்தான்.

என் பெயர் பிராங்க்ளின். பாலக்கரையில் பிறந்து வளர்ந்தவன். சர்ச்சில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தேன். வாசிப்பதைவிட, வாசித்ததைப் பதிவு செய்து கேட்பதில்தான் எனக்குச் சுகம் என்று தெரிந்துபோயிற்று. ஆனால் பதிவு செய்யக் கிடைத்ததெல்லாம் என்ன? நகைக்கடை விளம்பரம், திருவிழாக் கூட்டத்துக்கான அறிவிப்பு, கட்சிக்காரர்களின் ஆட்டோ பிரச்சாரம். கல்யாண வீட்டுக்காரர்கள் வந்து மாப்பிள்ளை பெயரை வைத்து ஒரு பாட்டு வேண்டும் என்பார்கள். செய்துகொடுப்பேன். நன்றாகவே செய்துகொடுப்பேன். கல்யாணத்துக்கு அப்புறம் அதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் தமிழ்மணி வந்தாள். இந்தப் பக்கம் மெல்லிசைக் குழுக்களில் பாடுகிறவள். நீங்களும் ஏதாவது ஒரு ரிசப்ஷனில் அவள் பாடிக் கேட்டிருப்பீர்கள். சினிமாப் பாடகிகள் யார் குரல் வேண்டுமோ அந்தக் குரலில் பாடுவாள். சொந்த ஊர் பச்சைமலை. ஹாஸ்டலில் தங்கிப் படிப்பதற்காகக் கீழே இறங்கியவள், புத்தூரில் வாழ்க்கைப்பட்டு இங்கேயே தங்கிவிட்டாள். அவள் ஒரு ஆல்பம் போட நினைத்தாள். தன் மலைக்காரர்கள் கட்டிய பாட்டுகளைத் தானே பாடுவது, ஒவ்வொரு பாட்டின் கீழும் அதைக் கட்டியவரின் பெயரைப் போடுவது. நாட்டுப்புறப் பாட்டு என்று போட்டுவிட்டால் போதாதா என்று நான் கேட்டேன். அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"எங்க ஊர்ல பாட்டு மரத்துல காய்க்கறதில்லண்ணே. ஒவ்வொண்ணுக்கும் கட்டுன ஆளு இருக்கு. சில பேரு இன்னும் உசுரோட இருக்காங்க" என்றாள்.

ஆல்பத்துக்கு அவள் வைத்த பெயரே ‘கட்டுனவங்க பேரு’ என்பதுதான். அன்றைக்கே எனக்கு அந்த வேலை மேல் ஆசை விழுந்துவிட்டது. ஆசை என்று லேசாகச் சொல்கிறேன். சாப்பிடும்போதும் அதே நினைப்பு, வண்டி ஓட்டும்போதும் அதே நினைப்பு. இதைச் சரியாகச் செய்துவிட்டால், நகைக்கடை விளம்பரமும் ஆட்டோ பிரச்சாரமும் என் கணக்கில் வராது, இது ஒன்றுதான் வரும் என்று நினைத்தேன்.

மொத்தம் ஒன்பது பாட்டு. கட்டியவர்களில் பாதிப் பேர் இறந்துபோனவர்கள். இருக்கிறவர்களில் முக்கியமானவர்கள் இரண்டு பேர், புருஷன் பெண்டாட்டி. தமிழ்மணியின் பெரியப்பா வீரமலை, பெரியம்மா இருளாயி. பாட்டின் நெளிவு சுளிவு தவறிவிடக் கூடாது என்று அவர்கள் இருவரையும் ஆடி மாசம் கீழே அழைத்துவந்தாள். அவள் வீட்டில் மாமனார், மாமியார், கொழுந்தன் என்று ஏற்கெனவே இடநெருக்கடி. ஸ்டுடியோவை ஒட்டி எனக்கு ஒரு அறை சும்மா கிடந்தது. அங்கேயே தங்கட்டும் என்று நான்தான் சொன்னேன். அப்போது நல்ல மனசோடுதான் சொன்னேன்.

வீரமலையை உங்களுக்கு எப்படிச் சொல்வது? அறுபது வயதைத் தாண்டாதவர். மரவள்ளிக் காடு இருக்கிறது. ஒட்டி உலர்ந்த உடம்பு, வாயெல்லாம் நக்கல். அவர் கட்டிய பாட்டும் நக்கல்தான். மலைக்கு எப்போதாவது வருகிற பஸ்ஸைப் பற்றி ஒரு பாட்டு:

காலையில வாரேன்னு சொன்ன பஸ்ஸே – என்
கல்யாணம் முடிஞ்ச பின்னே வந்த பஸ்ஸே

இப்படியே போகும். கடைசியில் மாப்பிள்ளைக்குக் குழந்தை பிறந்து, அந்தக் குழந்தைக்குக் காதுகுத்து வரைக்கும் பஸ் வராது. தமிழ்மணி அதைப் பாடும்போது வீரமலை கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என் பக்கத்தில் உட்கார்ந்து, தொடையில் தாளம் போடுவார். நான் மௌனம் பிடிக்கிற வழக்கம் அவருக்குப் பெரிய வேடிக்கை. "எங்க ஊருக்கு வாங்க தம்பி, மூட்டை மூட்டையா அள்ளிட்டு வரலாம். இங்க ஒரு நிமிசத்துக்கு இந்தப் பாடு படுறீங்களே" என்பார். காலையில் காவேரிக்குக் குளிக்கப் போனால் எனக்கும் சேர்த்துப் பார்சல் இட்லி வாங்கி வருவார். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். இதை நீங்கள் நம்ப மாட்டீர்கள், ஆனால் எழுதிக்கொள்ளுங்கள்.

எட்டுப் பாட்டு முடிந்தது. ஒன்பதாவது இருளாயியினுடையது.

இருளாயி கட்டுவது ஒப்பாரி. சுற்றுவட்டாரத்தில் எந்த ஊரில் சாவு விழுந்தாலும் ஆள் அனுப்பி அழைத்துப்போவார்களாம். போய் உட்கார்ந்து, கிடக்கிறவரின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அந்த இடத்திலேயே கட்டிப் பாடுவார். சின்ன வயதில் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது, ஆல்பம் அதில்தான் முடிய வேண்டும் என்று தமிழ்மணி ஒற்றைக் காலில் நின்றாள். இருளாயி முடியாது என்றுவிட்டார். எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தோம். பழைய ஒப்பாரி ஏதாவது ஒன்றைப் பாடினால் போதும் என்றோம். பாட வேண்டாம், வார்த்தையை மட்டும் சொல்லுங்கள் என்றோம். அவருக்குக் கோபமெல்லாம் வரவில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்.

"ஆளு கெடக்கணும்டி. ஆளில்லாம யாரப் பாத்துப் பாடுறது? சும்மா கெடக்குற வீட்டுல பாடக் கூடாது. எங்கம்மா பாடுனதில்ல, நானும் பாட மாட்டேன்."

தமிழ்மணி மனசைத் தேற்றிக்கொண்டாள். பெரியம்மா சொல்வதும் நியாயம்தானே, எட்டுப் பாட்டோடு முடித்துக்கொள்ளலாம் என்றாள். அத்தோடு முடிந்திருக்க வேண்டும். அவள் விட்டுவிட்டாள், எனக்கு விட முடியவில்லை.

வீரமலைக்கு இழுப்பு உண்டு. வந்த புதிதிலேயே தமிழ்மணி அவரைப் புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் காட்டினாள். துணைக்கு இருளாயியும் நானும் போயிருந்தோம். டாக்டர் பொறுமையாக விளக்கினார். ஒரு இன்ஹேலர் எழுதிக்கொடுத்தார். புகை மட்டும் ஆகவே ஆகாது, எப்போதாவது இழுப்பு முற்றினால் இன்ஹேலரைக் கொடுத்துவிட்டு உடனே 108-ஐக் கூப்பிடுங்கள், நேரத்துக்கு வந்துவிட்டால் பயமே இல்லை, இன்னும் இருபது வருஷம் இருப்பார் என்றார். இருபது வருஷமும் இவகிட்ட திட்டு வாங்கணுமா என்று வீரமலை பெண்டாட்டியைக் காட்டிக் கேட்டார். டாக்டரும் சிரித்தார்.

ஆடி வெள்ளிக்கிழமை ஒன்றில், கீழ்வீட்டில் சாம்பிராணி போட்டார்கள். அவர்கள் வருஷம் முழுக்கப் போடுகிறவர்கள்தான். அன்றைக்கு மாடிப்படிக் கதவு திறந்திருந்தது, புகை மேலே வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் வீரமலை சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உதடு கறுத்துப்போயிற்று. தமிழ்மணி இன்ஹேலரைத் தேடி ஓடினாள். இருளாயி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு நெஞ்சை நீவிவிட்டார். நீவும்போது, தன்னை அறியாமல், அடித்தொண்டையில் இரண்டு வரி முனகினார்.

இரண்டே வரி. வார்த்தைகூடச் சரியாக விழவில்லை. உடனே திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். இன்ஹேலர் வந்தது, நான்கு முறை இழுத்ததும் வீரமலைக்கு மூச்சு திரும்பியது. கொஞ்ச நேரத்தில் டீ கேட்டார்.

நான் மைக்கையே பார்த்தபடி நின்றேன். அவருக்காகத்தான் பதறிப்போய் நிற்கிறேன் என்று தமிழ்மணி நினைத்தாள். அது அவருக்காக இல்லை, மேடம். நான் இத்தனை வருஷம் குரல்களோடு வாழ்கிறவன். அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை. மைக் அணைந்து கிடந்ததே என்ற நினைப்பில் அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு நான் யோசித்ததை யோசனை என்றே எனக்கு அப்போது தெரியவில்லை. சும்மா மனசுக்குள் ஓடுவதை எல்லாம் யார் கணக்கு வைப்பார்கள்? ஆனால் இப்போது திரும்பிப் பார்த்தால், ஒவ்வொன்றையும் யோசித்துத்தான் செய்திருக்கிறேன். ஆடிப்பெருக்கு அன்று வேண்டாம் என்று ஒதுக்கியிருக்கிறேன். அன்றைக்கு அம்மா மண்டபத்துக்குப் போகிற கூட்டம் முழுக்க என் ஜன்னலுக்குக் கீழேதான் போகும், சத்தம் தாங்காது. அதற்கடுத்த நாட்களில் மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி. அது கழற்றப்பட்ட பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், மலைக்கோட்டைக்குக் கீழே ஜவுளிக் கடைகளில் ஆடித் தள்ளுபடி முடியப்போகிறது என்று தமிழ்மணியிடம் எடுத்துச் சொன்னேன். ஆல்பம் வெளியிடும் அன்று பெரியம்மாவுக்கு ஒரு நல்ல சேலை வேண்டாமா என்றேன். பெரியப்பா சாப்பிட்டுவிட்டுப் படுக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அவள் பெரியம்மாவை அழைத்துக்கொண்டு போகும்போது இன்ஹேலரை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். நான் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வீரமலை ரெக்கார்டிங் அறையிலேயே பாய் விரித்துப் படுத்திருந்தார். ஏசி இருப்பது அங்கே மட்டும்தான். நான் பக்கத்து அறையில் கொட்டாங்குச்சித் தணலில் சாம்பிராணியைத் தூவி, கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தேன். சாம்பிராணியை முந்தின நாளே கோயில் வாசல் கடையில் வாங்கி வைத்திருந்தேன். ஆஸ்பத்திரி டாக்டரிலிருந்து நாட்டு வைத்தியர் வரை யாரைக் கேட்டாலும் புகையால்தான் இழுப்பு வந்தது என்பார்கள், புகை கீழ்வீட்டிலிருந்து வந்தது என்று நான் சொல்வேன். அப்படித்தான் சொன்னேன். கீழ்வீட்டு அம்மாள் எங்களால்தானே இப்படி ஆயிற்று என்று இன்றுவரைக்கும் அழுதுகொண்டிருக்கிறார். அவர்கள் வீட்டில் சாம்பிராணி போடுவதையே நிறுத்திவிட்டார்கள்.

வீரமலை எழுந்து உட்கார்ந்து மூச்சுக்குத் தவிக்கத் தொடங்கியதும் நான் உள்ளே போனேன். தணலைத் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டுத்தான் போனேன். இன்ஹேலர் எங்கே என்று சைகையில் கேட்டார். தமிழ்மணி பையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள் போலிருக்கிறது என்றேன். அவர் தலையை ஆட்டினார். அவள்மேல் கோபப்படவில்லை. அப்புறம் வண்டியைப் பற்றிக் கேட்டார். நான் போனைக் காதில் வைத்து, 108-க்குப் பேசுவதுபோலவே பேசினேன். அம்மா மண்டபம் ரோடு, மாடி, பச்சைக் கதவு என்று அடையாளம்கூடச் சொன்னேன்.

பிறகு வேலையைத் தொடங்கினேன். நின்று பாடுகிற உயரத்தில் இருந்த மைக்கை, தரையில் உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்ணின் வாய் உயரத்துக்கு இறக்கினேன். பக்கத்தில் உட்கார்ந்து இன்னொருத்தி வாங்கிப் பாடுவாளே, அவளுக்கு இன்னொரு மைக். ஸ்டுடியோவில் மைக் இருப்பதை யார் கவனிக்கப்போகிறார்கள்? வீரமலை நான் செய்வதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் விளங்கியிருக்காது என்றுதான் இவ்வளவு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எல்லாம் தயாரானதும் பதிவை ஓடவிட்டேன். வழக்கப்படி முதலில் அறையின் மௌனம். அவர் மூச்சு கரகரவென்று அதில் விழுந்தது. அதோடு, "தம்பி, வண்டி வந்துருச்சா?" என்று கேட்டார். வந்துகொண்டே இருக்கிறது என்றேன். அதற்குப் பிறகு நான் சொன்னது எனக்கே தெரியாமல் வாயில் வந்தது. அத்தனை வருஷப் பழக்கம்.

"ஒரு நிமிஷம் பேசாம இருங்க, பெரியப்பா."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். எனக்காக இருமலை அடக்கிக்கொண்டார், மேடம். நான் திரையைப் பார்த்தேன். சத்தத்தைக் காட்டுகிற கோடு கிட்டத்தட்ட அசையாமல் போனது. திருப்தியாக இருந்தது.

அந்த நிமிஷம் முடிந்ததும் இன்ஹேலரைக் கொடுத்திருப்பேன், அதற்குள் நேரம் கடந்துவிட்டது என்று சொல்லலாம்தான். முதலில் அப்படித்தான் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். பொய். அது என் சட்டைப் பையிலேயே இருந்தது. நான் எழுந்திருக்கவே இல்லை. அவர் சாய்ந்த பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் தமிழ்மணிக்குப் போன் செய்தேன்.

இருளாயி உள்ளே வந்தபோது கையில் ஜவுளிக்கடைப் பை இருந்தது. கத்தவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, நான் எதிர்பார்த்த இடத்திலேயே உட்கார்ந்தார். வீரமலையின் முகத்தைப் பார்த்தார். பாட்டு வந்தது.

சேலை எடுக்கப் போனேன், செவப்பா கறுப்பான்னு கேக்க வந்தேன்
வாயத் தொறந்து சொல்லாம வாசலப் பாத்துப் படுத்தீரே

தமிழ்மணி பக்கத்தில் விழுந்து, ஒவ்வொரு வரியையும் வாங்கித் திருப்பிப் பாடினாள். எல்லாப் பாடகிகளின் குரலும் அவளை விட்டுப் போய்விட்டது. அவளுடைய சொந்தக் குரல் எது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அழுதேன். நிஜமாக அழுதேன். அழுதுகொண்டே இடதுகைப் பக்கத்து மைக்கின் அளவைக் கொஞ்சம் குறைத்தேன், அவள் உச்சத்துக்குப் போகும்போது பிசிறடித்தது.

பக்கத்துத் தெரு டாக்டர் வந்து பார்த்து, இழுப்பு என்றார். இன்ஹேலரைக் கொடுத்துப் பார்த்தேன், 108-ஐக் கூப்பிடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் சொல்லியிருந்தேன். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வேன் பிடித்து மலைக்குக் கொண்டுபோனோம். நானும் போனேன், தோள் கொடுத்தேன். கடைசி நேரத்தில் நீங்களாவது கூட இருந்தீங்களே என்று தமிழ்மணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இருளாயி, சாப்பிட்டீங்களா தம்பி என்று மட்டும் கேட்டார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. ஊர் திரும்பியதும் சர்ச்சுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஒருவருக்கு உதவ வேண்டிய நேரத்தில் அசட்டையாக இருந்துவிட்டேன் என்றேன். ஃபாதர் மூன்று தடவை அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். முழங்காலில் நின்று பத்துத் தடவை சொன்னேன். கூடுதலாகச் சொன்னதில் எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது.

அந்தப் பாட்டை ஆல்பத்தில் சேர்க்க வேண்டாம் என்றுதான் தமிழ்மணி சொன்னாள். அப்படி ஒன்று பதிவாகியிருப்பதே அவளுக்கு அதிர்ச்சி. பெரியப்பாவுக்குக் கேட்கட்டுமே என்று பஸ் பாட்டை ஓடவிட மெஷினைப் போட்டிருந்தேன், தானாகப் பதிவாகிவிட்டது என்றேன். அவருக்கு நீ செய்யக்கூடிய மரியாதை வேறு என்ன இருக்கிறது என்று கேட்டேன். பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தேன். இருளாயியிடம் அவள் போனில் கேட்டபோது, "ஆளு கெடந்துச்சு, பாடுனேன். அதுல என்ன இருக்கு" என்றாராம்.

ஆல்பம் வந்தது. கடைசிப் பாட்டைக் கேட்டுவிட்டு எங்கெங்கிருந்தோ கூப்பிட்டார்கள். சென்னையிலிருந்து ஒருவர் இதை எப்படிப் பதிவு செய்தீர்கள் என்று அரைமணி நேரம் என்னிடம் பேசினார். ஒவ்வொரு பாட்டின் கீழும் கட்டியவரின் பெயர், எல்லாவற்றுக்கும் கீழே ஒலிப்பதிவு பிராங்க்ளின். ராத்திரிகளில் தூக்கம் இல்லை. சாப்பாட்டைப் பார்த்தால் அவர் வாங்கிவந்த இட்லிப் பொட்டலம்தான் நினைப்பு வரும். ஆனாலும் காலையில் எழுந்ததும் எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் என்று பார்க்காமல் இருந்ததில்லை.

மாட்டிக்கொண்டது என் வழக்கத்தால்தான். வருஷ திதிக்குப் பெரியப்பாவின் பேச்சு, சிரிப்பு ஏதாவது கிடைத்தால் பெரியம்மாவுக்குப் போட்டுக் காட்டலாம் என்று தமிழ்மணி கேட்டாள். அந்த மாசம் பதிவான எல்லாவற்றையும் அப்படியே பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டேன். மௌனங்களை நான் கேட்டுப் பார்ப்பதே இல்லை, மேடம். அவை கம்ப்யூட்டருக்கு. யாரும் கேட்க மாட்டார்கள். அவள் ஒவ்வொன்றாக எல்லாவற்றையும், அந்தச் செவ்வாய்க்கிழமை மௌனத்தையும், கேட்டிருக்கிறாள்.

நேற்று வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கேட்டது ஒன்றுதான்.

"108-க்குப் போன் பண்ணீங்களாண்ணே?"

தலையைக் குனிந்துகொண்டேன். அவள் கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். ஆல்பத்தைக் காலையிலேயே எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட்டதாகச் சொன்னாள். போலீசுக்குப் போகவில்லை, போனால் பெரியம்மாவுக்குத் தெரியும், தான் பாடினது எதற்காக என்று தெரிந்தால் அவள் உசிரோடு இருக்க மாட்டாள் என்றாள். பிறகு, "அந்தப் பாட்ட அழிச்சிருங்க. நாளைக்கு வரேன், எங்கிட்ட இருக்கறதையும் கொண்டுவரேன், என் கண்ணு முன்னாடி அழிங்க. அதுக்கப்புறம் உங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்றாள்.

அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நான் செய்ததற்கு அவள் கேட்டது மிகவும் கொஞ்சம். ராத்திரி முழுக்க யோசித்தேன். மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதல்லவா? இன்று காலை அவள் வருவதற்குள் ஹார்ட் டிஸ்கைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு நேராக இங்கே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன்.

நான் வீரமலையைக் கொன்றேன். வாய்தவறிச் சொல்லவில்லை, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். சாம்பிராணி போட்டேன், மருந்தைப் பையில் வைத்துக்கொண்டேன், வண்டியைக் கூப்பிடவில்லை. வக்கீல் வைக்கப்போவதில்லை. என்ன தண்டனையானாலும் சரி, அது எனக்குத் தகும். இருளாயிக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்பது தெரியும். அதற்காக வருத்தப்படுகிறேன். வேறு வழியில்லை.

டிஸ்க் இதோ. இதை ஈரம் படாத இடத்தில் வையுங்கள், காந்தம் எதுவும் பக்கத்தில் வேண்டாம். கோர்ட்டில் போட்டுக் காட்டும்போது நல்ல ஸ்பீக்கராக ஒன்று ஏற்பாடு செய்யுங்கள். சாதாரண ஸ்பீக்கரில் இருளாயியின் அடிக்குரல் விழாது. ஒரே ஒரு சந்தேகம் மட்டும் தீர்த்து வையுங்கள். வழக்கில் சேர்த்துவிட்ட பொருளைக் கோர்ட் உத்தரவு இல்லாமல் யாரும் தொட முடியாது என்கிறார்கள். அப்படியென்றால் இனி அந்தப் பாட்டைத் தமிழ்மணியால்கூட அழிக்க முடியாது, இல்லையா?